பெரியப்பா வரையாத முகம்

ஆம்ஸ்டர்டாமில் தங்கியிருந்த நாட்களில் ஒரு முழுக் காலையை ஓவியர் வின்சென்ட் வான்கோவின் அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கியிருந்தேன். சூரியகாந்திப் படத்தின் முன் திரண்டிருந்த கூட்டத்தை விட்டு விலகி வந்தபோது, ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஓர் எண்ணெய் வண்ணப் படம் என்னை நிறுத்தியது.

பச்சைப் பின்னணியில், வெள்ளை உடையும் குல்லாவும் அணிந்த கைக்குழந்தை. பெயர் மார்செல் ரூலேன். பிரான்சின் ஆர்ல் நகரில் அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஜோசப் ரூலேனின் கடைக்குட்டி. 1888 ஜூலை 31 அன்று பிறந்த அவளை வான்கோ வரைந்தபோது அவளுக்கு நான்கு மாதம். தனியாக மூன்று முறையும் தாயின் மடியில் இரண்டு முறையும் வரைந்திருக்கிறார். குழந்தைப் படம் என்பதற்காக அவர் எதையும் மழுப்பிப் பூசவில்லை. உப்பிய கன்னங்களிலும் மடிப்பு விழுந்த கையிலும் தூரிகையின் தடம் அப்படியே தெரிகிறது.

மூன்றில் இந்தப் படம் பாரிஸில் இருந்த தம்பி தியோவிடம் போய்ச் சேர்ந்தது. 1889 ஜூலையில் தியோவின் மனைவி ஜோ, தாம் கருவுற்றிருக்கும் செய்தியைத் தெரிவித்து வின்சென்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், உணவு மேசையில் தம் இடத்தில் அமர்ந்தால் இக்குழந்தையின் பெரிய நீலக் கண்கள் தெரியும்படி படத்தை மாட்டியிருப்பதாகவும், தமக்குப் பிறக்கும் பிள்ளையும் இவ்வளவு திடமாக இருக்க வேண்டும், அவனையும் பெரியப்பா ஒருநாள் வரைய வேண்டும் என்று ஆசைப்படுவதாகவும் குறிப்பிட்டார்.

1890 ஜனவரி 31 அன்று ஆண் குழந்தை பிறந்தது. பெரியப்பாவின் பெயரையே வைத்தார்கள். மருத்துவ விடுதியில் இருந்த வின்சென்ட், நீல வானில் வெண்மையாய்ப் பூத்த வாதுமைக் கிளைகளை அவனுக்காக வரைந்து அனுப்பினார். அப்படமும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. நேரில் பார்த்தும் பிள்ளையின் முகத்தை மட்டும் அவர் வரையவில்லை. அவ்வாண்டு ஜூலை 29 அன்று இறந்துபோனார்.

ஜோ கட்டிக்காத்த வின்சென்ட்டின் படங்களையெல்லாம் சிதறவிடாமல் வைத்திருந்து, 1973இல் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட வழிவகுத்தவர் வாதுமைப் பூக்களைப் பெற்ற அந்தப் பிள்ளைதான். இதை அறிந்தபின் மார்செலிடம் மீண்டும் சென்றேன். மேசையருகே அமர்ந்திருக்கும் ஒரு தாயின் கண்மட்டம் எதுவாக இருந்திருக்கும் என்று எண்ணி, சற்றே குனிந்து, அங்கிருந்து அவளைப் பார்த்தேன்.