கத்திரியில் லட்டு

மே 3

அக்கா ஆஸ்பத்திரியில். அவள் நாய் லட்டு இப்போது என்னிடம். வாசல் கதவோரமே படுத்திருக்கிறான். தெருவில் பைக் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறான். மாமாவின் பைக் இல்லை என்று தெரிந்ததும் தலையைத் திரும்பத் தரையில் வைத்துக்கொள்கிறான். ராத்திரி முழுக்க இதேதான்.

மே 4

கத்திரி ஆரம்பம். பேப்பரில் வேலூர் 106. மொட்டைமாடிக்குக் கீழே நேராக என் போர்ஷன். கூடுதலாக எவ்வளவு போட்டுக்கொள்வது என்று தெரியவில்லை.

மே 5

"லட்டு தண்ணி குடிக்கிறானாடான்னு கேட்டா" என்றார் மாமா. அக்கா வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.

குடிக்கிறான். ஸ்டீல் கிண்ணத்தில் வைத்தால் பத்து மணிக்கே வெந்நீர் ஆகிவிடுகிறது. கொசப்பேட்டை போய் அகலமான மண் சட்டி வாங்கி வந்தேன். முதலில் முகர்ந்து பார்த்தான், அப்புறம் காலை உள்ளே வைத்து நின்றுகொண்டான்.

மே 6

டாக்டரிடம் காட்டினேன். விழித்திருக்கும்போதே குறட்டை விடுகிறான், அதுதான் பயம். மூஞ்சி சப்பையான இந்த பக் ஜாதிக்கு அது சகஜம் என்றார். மூக்குத் துவாரம் இரண்டும் கீற்று மாதிரி, மேலண்ணத்துச் சதை வேறு நீண்டு தொண்டையை அடைக்கிறது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்த்தால் உண்டு. இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். இவனுக்கு அந்த வழியே குறுகல்.

"நாள் முழுக்க ஃபேன் ஓடுது டாக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. சிரித்தார். "ஃபேன் உங்களுக்கு. வெயில் 106, இவன் உடம்பு 102. அந்தக் காத்தே இவனுக்குச் சூடு. முதல்ல நனைங்க, அப்புறம் ஃபேன் போடுங்க." வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைய வேண்டுமாம். இத்தனை நாள் அனல் காற்றை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடை இனி விடியற்காலை ஐந்தரைக்கு. சாயந்திரம் வேண்டாம். ஆறு மணிக்குத் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். அவனுக்குச் செருப்பா இருக்கிறது?

டீக்கடையில் "ஹட்ச் நாயா சார்?" என்கிறார்கள். பக் நாய் வரும் அந்த ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மே 7

பேப்பரில் 108.

மே 8

மாமா போன் எடுக்கவில்லை.

மே 9

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிட்டால் அடங்குமா பார்க்கலாம்.

பதினொன்றரைக்கு அக்காவுக்காக ரத்தம் கொடுக்கப் போனேன். ஒரு மணிக்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன், இரண்டு ஆகிவிட்டது. படியேறும்போதே வீட்டில் சத்தமில்லை. கரண்ட் இல்லை. எப்போது போனதோ.

பாத்ரூம் வாசலில் கால்களைப் பரப்பிக் கிடந்தான். கூப்பிட்டேன், வால் அசையவில்லை. நாக்கு பக்கவாட்டில் அகலமாகத் தொங்குகிறது. எச்சில் கஞ்சி மாதிரி நூல் இழுக்கிறது. உதட்டைத் தூக்கினால் ஈறு செங்கல் நிறம். குழாயைத் திறந்தேன், கை சுட்டது. மாடி சின்டெக்ஸ் தண்ணீர், அதில் டீ போடலாம். குடிக்கிற கேனை அப்படியே கவிழ்த்தேன். ஈரத் துண்டைப் போர்த்தினேன். டாக்டர் போனில் கத்தினார். "போர்த்தாதீங்க, துண்டு சூடேறி உள்ளயே அடைச்சுடும். ஊத்திக்கிட்டே இருங்க, விசிறுங்க. இறங்கினப்புறம் ஆட்டோ ஏறுங்க." அந்த 108 போட்ட பேப்பரை மடித்துத்தான் விசிறினேன்.

தெர்மாமீட்டரில் 105.6. அப்புறம் 104.8. அப்புறம் ரொம்ப நேரம் நகரவே இல்லை. 103 வந்ததும் நிறுத்தச் சொல்லியிருந்தார், விட்டால் தேவைக்குக் கீழே போய்விடுமாம். கீழ் வீட்டு ஓனர் அம்மா (நாய் கூடாது என்று முதல் நாளே சொன்னவர்) ஒரு குடம் பானைத் தண்ணீரோடு மேலே வந்து, ஒன்றும் பேசாமல், ஊற்றிக்கொண்டே இருந்தார்.

முன்னங்காலில் ட்ரிப்ஸ். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறதா என்பது இப்போதே தெரியாதாம், இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும்.

ஒரு அண்டா வாங்க வேண்டும். காலையிலேயே பிடித்து வைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

மே 10, விடியற்காலை

சிறுநீர் மஞ்சள். சாதாரண மஞ்சள். நிம்மதி.

மே 10, ராத்திரி

தூக்கமில்லை. மரமில்லாத மலை என்று இந்த ஊரைக் கிண்டல் செய்வார்கள். அந்தப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி உமிழ்கிறது. தளமும் அதையே செய்கிறது. சிமெண்ட் தரையில் சாக்கை நனைத்துப் போட்டிருக்கிறேன், அதில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கிறான். அரை மணிக்கொரு தரம் எழுந்து மூச்சை எண்ணுகிறேன். குறட்டை நின்றால் பயம், வந்தாலும் பயம்.

மே 11

"லட்டு எப்படி இருக்கான்?" என்றார் மாமா. நல்லா இருக்கான் என்றேன். இப்போது நல்லாத்தான் இருக்கிறான், பொய் இல்லை.

தயிர்சாதத்தைக் கரைத்து வைத்தேன். பாதி சாப்பிட்டான்.

மே 13

மேகம் கூடியது. பேப்பரில் 99தான். நூறுக்குக் கீழே வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டேன். இவன் முந்தாநாளைவிட அதிகமாக இளைக்கிறான். புழுக்கம். காற்றில் ஈரம் இருந்தால் நாக்கில் இருக்கும் ஈரம் எப்படி உலரும்? உலராமல் சூடு எப்படி இறங்கும்? பேப்பர் பார்ப்பதை விட்டுவிட வேண்டும்.

மழை வரவில்லை.

மே 15

அக்காவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வீடியோ காலில் வந்தாள். முகம் பாதியாகிவிட்டது. என்னைப் பார்க்கவே இல்லை, "அவனைக் காட்டுடா" என்றாள். காட்டினேன். குரல் கேட்டுப் போனையே நக்கினான்.

"முன்னங்கால்ல என்னடா முடியில்ல?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 16

சாயந்திரம் மாமா வருகிறாராம். அண்டா நிறைத்தாயிற்று. சாக்கு நனைத்தாயிற்று. கரண்ட் இப்போதே போய்விட்டது.