காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்றிதழ் கேட்டார்கள்

என் தம்பியை மதுரை மத்திய சிறையிலிருந்து வெளியே கொண்டுவர எங்களுக்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின. அவற்றில் நான்கு நாட்கள், தேவையே இல்லாத ஒரு சான்றிதழுக்காக அலைந்ததில் போயின என்பதை நினைத்தால் இன்னமும் மனம் ஆறவில்லை.

பெரியாறு கால்வாய்த் தண்ணீரை மடை மாற்றிவிடுவது தொடர்பாகப் பக்கத்து வயல்காரருடன் எழுந்த தகராறில், தம்பி கையிலிருந்த மண்வெட்டியின் காம்பால் அவரை அடித்துவிட்டான். செய்தது தவறுதான். வெறுங்கையால் அடித்திருந்தால் ஜாமீனில் விடக்கூடிய பிரிவோடு முடிந்திருக்கும். மண்வெட்டி ஆயுதக் கணக்கில் சேர்ந்ததால் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின், ஜாமீனில் விடக்கூடியதல்லாத 118(1) பிரிவும் சேர்ந்து, மறுநாளே ரிமாண்ட் ஆகிவிட்டது.

முதல் தவறு அங்கேயே நடந்தது. “உனக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது, பயத்தில் அவன், “அண்ணன் பாத்துக்குவாருங்கய்யா” என்று சொல்லிவிட்டான். இல்லை என்று சொல்லியிருந்தால், அந்த நிமிடமே அரசுச் செலவில் ஒருவரை நியமிக்கக் கேட்டிருக்கலாம். இதை நான் அறிந்துகொண்டது ஒரு வாரம் கழித்து.

நீதிமன்ற வாசலில், வழக்கறிஞரும் அல்லாத, குமாஸ்தாவும் அல்லாத ஒருவர் இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் மறுநாளே பெயில் என்றார். அம்மா சங்கிலியைக் கழற்றப் போனதைத் தடுத்து, எங்கள் தாலுகாவிலேயே இருந்த இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, “வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ” என்றார். ஆள் சிறையில் இருக்கிறான் என்று நான் சொன்னதற்கு, “யாரா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்” என்பதே பதில்.

இ-சேவை மையத்தில் தம்பியின் ஆதாரைக் கொடுத்தால், ஓடிபி அவனுடைய கைபேசிக்குத்தான் போகிறது. அந்தக் கைபேசியோ சம்பவ இடத்தில் கைப்பற்றிய பொருளாகக் காவல் நிலையத்தில் உறையிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இதை அந்த மையத்துப் பெண்ணுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் பெயரில் வாங்கினால் செல்லும் என்று யாரோ சொல்ல, என் பெயரில் விண்ணப்பித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரைப் பிடிக்க இரண்டு நாட்கள் காத்துக் கிடந்தேன்.

நான்காம் நாள் இரவு, வேறு வழி தோன்றாமல் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் கேட்டது ஒரே கேள்வி: “உள்ளே இருக்காரா, வெளியே இருக்காரா?” உள்ளே என்றதும், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது என்றார். அந்தப் பிரிவின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் நேராக மதுரையில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கே போனேன். தாளை எடுத்துக் காட்டவேண்டிய தேவையே அங்கு எழவில்லை. வக்கீலம்மா ஒருவரை அன்றே ஒதுக்கினார்கள். சிறையில் தம்பியிடம் வக்காலத்துக் கையெழுத்து வாங்கும் வேலையையும் அவர்களே முடித்துவிட்டார்கள்.

முதல் மனு தள்ளுபடியானது. காயம்பட்டவர் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார் என்று அரசுத் தரப்பு சொன்ன ஒரே வரி போதுமானதாக இருந்தது. அடிதடி வழக்கில் பெயில் கேட்கும் எவரும், எதிர்த்தரப்பு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்காக அவரிடமே போய்ப் பேசிவிடக் கூடாது, சாட்சியைக் கலைத்ததாக அது திரும்பிவிடும். அவர் வீடு திரும்பியது ஊர் டீக்கடையில் தெரியவந்ததும், வக்கீலம்மா செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நிபந்தனை ஜாமீன் பெற்றுத் தந்தார்.

வெற்றி என்று நினைத்தால் அடுத்தது ஜாமீன்தார் சிக்கல். நான் கொண்டுபோன வீட்டு வரி ரசீது, இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்ததால் ஏற்கப்படவில்லை. தங்கள் பெயரிலேயே ரசீது வைத்திருந்த தாய்மாமாவும் சித்தப்பாவும் மறுநாள் வந்து கையெழுத்திட்டார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. பிற்பகலில் ஜாமீன் ஏற்கப்பட்டால் விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச்சேருவதற்குள் லாக்கப் நேரம் வந்துவிடும், இன்னும் ஓர் இரவு உள்ளே.

சிறை வாசலில் தம்பிக்காக நின்றுகொண்டிருந்தபோது என் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது: வருமானச் சான்றிதழ் தயாராம். இப்போது அவன் தினமும் காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் கையெழுத்திடுகிறான். நாற்று நடும் நேரம் என்பதால், அந்த நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுவை வக்கீலம்மா அடுத்த வாரம் தாக்கல் செய்கிறார், அதற்கும் கட்டணமில்லை.