பீடத்துக்கு மேலே ஒரு திரை

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தை அடுத்த சிற்றூரிலிருந்து 2021இல் ஜெர்மனியின் நியூரன்பெர்க் நகருக்கு வேலைக்கு வந்தபோது, குடியிருப்புப் பதிவுப் படிவத்தில் சமயம் என்ற கட்டத்தில் ‘எவாங்கெலிஷ்’ (சீர்திருத்தத் திருச்சபையார்) என்று நிரப்பினேன். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் அதன் விளைவு புரிந்தது: பவேரியாவில் வருமான வரித் தொகையில் 8 சதவீதம் சபை வரியாகப் பிடிக்கப்படுகிறது. ஸ்தோத்திரப் பண்டிகையில் முருங்கைக்காய்க் கட்டையும் சேவலையும் ஏலம் எடுத்துக் காணிக்கை படைத்துப் பழகிய எனக்கு, முகம் காணாமல் போய்ச் சேரும் அந்தப் பணம் மனத்தை உறுத்தியது.

ஆராதனையில் மொழி பெருந்தடையாக இருந்தது. பிரசங்கம் தொடங்கியதும் கைப்பேசியை மடியில் வைத்து, மொழிபெயர்ப்புச் செயலி தரும் தமிழைப் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் இருந்த, 80 வயதைக் கடந்த அம்மையார் தமது பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, பாடப்படும் வரியின் கீழே விரலை வைத்து, சொல் சொல்லாக நகர்த்திக்கொண்டே வந்தார். வாரந்தோறும் அது தொடர்ந்தது. கர்த்தருடைய ஜெபத்தை ஜெர்மனில் தடங்கலின்றிச் சொல்ல அவரிடம்தான் கற்றேன்.

2023 ஜூன் 9 அன்று, நியூரன்பெர்க்கில் நடந்த சுவிசேஷ சபைகளின் பெருங்கூடுகையை ஒட்டி, அருகிலுள்ள ஃபியூர்த் நகரின் புனித பவுல் ஆலயத்தில் செயற்கை நுண்ணறிவு நடத்திய ஆராதனைக்குப் போயிருந்தேன். வியன்னா பல்கலைக்கழக இறையியலாளர் யோனாஸ் சிம்மர்லைன் சாட்ஜிபிடியைக் கொண்டு உருவாக்கிய ஆராதனை அது. 300க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். பீடத்துக்கு மேலே இருந்த திரையில் மனித உருவங்கள் தோன்றி, முகத்தில் அசைவில்லாமல் சுமார் 40 நிமிடம் பிரசங்கித்தன, ஜெபித்தன. கர்த்தருடைய ஜெபம் வந்தபோது சிலர் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

உபதேசப் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால், மரணத்துக்கு அஞ்ச வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னது மரணமே இல்லாத ஒன்று. வார்த்தை மாம்சமானார், அதாவது கடவுள் மனித உடலெடுத்து வந்தார் என்பதை அறிக்கையிடும் சபை, மாம்சமில்லாத குரலைப் பீடத்தில் ஏற்ற முடியாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். 1706இல் தரங்கம்படியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகினார்; 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார்; 36 வயதில் அதே ஊரில் அடக்கம்பண்ணப்பட்டார். அவர் கொண்டுவந்த செய்தியை எங்கள் மக்கள் நம்பியதில், அவர் எங்களோடு இருந்து மரித்ததற்கும் பங்குண்டு. பிரசங்கக் குறிப்புகளைத் திரட்டவும், காது கேளாதோருக்குப் பிரசங்கத்தை எழுத்தாக்கித் தரவும் செயற்கை நுண்ணறிவைச் சபை தயங்காமல் பயன்படுத்தட்டும். மரண வீட்டுக்கும் நற்கருணைக்கும் மனிதர்தான் வர வேண்டும்.

சென்ற ஆண்டு ஊரில் என் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். நான் விமானத்துக்குப் புறப்படுவதற்கு முன், அந்த அம்மையார் மின்தூக்கி இல்லாத எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறி வந்தார். கர்த்தருடைய ஜெபத்தை அவர் ஜெர்மனிலும் நான் தமிழிலும் சொன்னோம். அவர் முதலில் முடித்துவிட்டார். நான் ஆமென் சொல்லும்வரை என் கையை விடாமல் காத்திருந்தார்.