டி வில்லியர்ஸ்: லா ரோஷெலிலிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் போன ஒரு குடும்பப்பெயர்

ஏ.பி. டி வில்லியர்ஸ், சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடிய ஃபாஃப் டு பிளெஸ்ஸி, ஜே.பி. டுமினி, ஆஸ்திரேலிய அணியின் மார்னஸ் லபுஷேன் ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். நால்வரின் குடும்பப்பெயர்களும் பிரெஞ்சுப் பெயர்கள். தென்னாப்பிரிக்கா ஒருபோதும் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்ததில்லை. டச்சுக்காரர்கள் ஆண்டார்கள், பிறகு ஆங்கிலேயர்கள் ஆண்டார்கள். அப்படியிருக்க, இந்தப் பெயர்கள் அங்கே எப்படி வேரூன்றின என்ற கேள்வி என்னை நெடுநாளாக ஈர்த்துவந்திருக்கிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக்கி, அடுத்த தலைமுறையில் அதையும் விட்டுவிடும் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெயரைச் சுமந்துவரும் குடும்பங்கள் எப்போதுமே வியப்பைத் தருகின்றன. அவற்றுள் டி வில்லியர்ஸ் குடும்பத்தின் வரலாறு மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

வில்லியர்ஸ் என்பது ஊர்ப்பெயர். ஒரு பெரும் பண்ணையைச் சார்ந்து அமைந்த குடியிருப்பைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், பிரான்சில் பல ஊர்களுக்கு இன்றும் உண்டு. முன்னால் நிற்கும் ‘டி’ அந்த ஊரைச் சேர்ந்தவர் என்பதைச் சுட்டுவது. அந்த ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டு தம் முன்னோர் பிரபுக் குலத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை பல குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் பிரான்சில் சாதாரண உழவர்களும் கைவினைஞர்களும்கூட இப்படிப்பட்ட பெயர்களை வைத்திருந்தார்கள் என்பதால், பெயரை மட்டும் கொண்டு குலப்பெருமை பேசுவதை நான் ஏற்பதில்லை.

கதை தொடங்குவது பிரான்சின் மேற்குக் கடற்கரையில் உள்ள லா ரோஷெல் துறைமுகத்தின் அருகே. கால்வினின் சீர்திருத்தத் திருச்சபையைப் பின்பற்றிய ஹியூகனாட்டுகளின் கோட்டையாக விளங்கிய அந்த நகரை, 1627-28இல் பதின்மூன்றாம் லூயியின் படை முற்றுகையிட்டுப் பணியவைத்தது. முற்றுகையை நடத்திய கார்டினல் ரிஷலியூவின் இயற்பெயர் ஆர்மான் ழான் டு பிளெஸ்ஸி. அறுபது ஆண்டுகளுக்குப் பின் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறிய அறுவை மருத்துவர் ஒருவரும் டு பிளெஸ்ஸி என்ற பெயருடையவர்தான். ஒடுக்கியவருக்கும் ஓடியவருக்கும் ஒரே குடும்பப்பெயர் அமைந்த இந்தப் பொருத்தத்தைப் படிக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுகிறேன்.

நான்காம் ஹென்றி 1598இல் நாந்து ஆணையின் மூலம் ஹியூகனாட்டுகளுக்கு அளித்த வழிபாட்டு உரிமையை, பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் முற்றாக நீக்கினார். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் வெளியேற்றப்பட்டனர், மற்றவர்கள் நாட்டை விட்டுப் போவதோ குற்றமாக்கப்பட்டது. ஆயினும் பெருந்திரளான மக்கள் எல்லை கடந்து நெதர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மன் நாடுகள் என்று சிதறினார்கள். அவ்வேளையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நன்னம்பிக்கை முனையில் கோதுமையும் திராட்சையும் பயிரிட ஆட்கள் தேவைப்பட்டார்கள். கம்பெனியின் நிபந்தனைகள் எளியவை: கப்பல் கட்டணம் கிடையாது, கம்பெனிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும், ஐந்தாண்டுகளாவது அங்கே தங்க வேண்டும், அதன்பின் திரும்ப விரும்புவோர் தம் செலவில் திரும்பலாம். 1688இலும் அதை அடுத்த காலத்திலும் இப்படிப் போனவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர்தான். இவ்வளவு சிறிய கூட்டம் ஒரு நாட்டின் பெயர்ப் பட்டியலையே மாற்றியது.

பியேர், ஆபிரகாம், ழாக் என்ற மூன்று டி வில்லியர்ஸ் சகோதரர்கள் 1689இல் ‘சீயோன்’ என்ற கப்பலில் வந்திறங்கினார்கள். அவர்களைப் பற்றிக் கம்பெனியின் டெல்ஃப்ட் கிளை 1688 டிசம்பர் 16 அன்று நன்னம்பிக்கை முனைக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இவர்கள் லா ரோஷெல் அருகே பிறந்தவர்கள், திராட்சைத் தோட்டம் அமைப்பதிலும் பராமரிப்பதிலும் நல்ல அறிவுடையவர்கள், ஆகவே உதவி செய்து வரவேற்கவும் என்பது அதன் சாரம். ஒரு பெருங்குடும்பத்தின் தொடக்கம் இப்படி ஓர் அலுவலகப் பரிந்துரைக் கடிதத்தில் பதிவாகியிருப்பது அரிது. சகோதரர்களுக்கு இன்றைய ஃபிரான்ஷுக் பள்ளத்தாக்கில் நிலங்கள் கிடைத்தன. புர்கோன், ஷாம்பான், லா பிரீ என்ற அந்தப் பண்ணைகளின் பெயர்கள் பிரான்சின் பகுதிகளைக் குறித்தாலும், அவற்றுள் ஒன்றுகூட லா ரோஷெல் பக்கத்தைச் சேர்ந்ததல்ல. ஆபிரகாமும் ழாக்கும் கார்டியோல் குடும்பத்துச் சகோதரிகளான சுசானையும் மார்கரீத்தையும் மணந்தார்கள். அச்சகோதரிகள் பெற்ற பிள்ளைகள் அனைவரும் டி வில்லியர்ஸ்களாகவே எழுதப்பட்டார்கள்; குடும்பப்பெயரின் வரலாறு எப்போதும் பாதி வரலாறுதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பெயர் நிலைத்தது, மொழி நிலைக்கவில்லை. ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் பிரெஞ்சுக்காரர்களின் நிலங்களை டச்சுக்காரர்களின் நிலங்களுக்கு இடையிடையே பிரித்துக் கொடுத்தார். அவர்கள் ஒரே இடத்தில் திரண்டு தனிச் சமூகமாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். தனிச் சபை கேட்டு 1689இல் போதகர் பியேர் சிமோன் தலைமையில் வந்தவர்களை அவர் கடிந்து அனுப்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் சபை அமைக்க அனுமதி வந்தது. 1701இல் பள்ளிகளில் டச்சு மொழி மட்டுமே கற்பிக்கப்பட வேண்டும் என்று கம்பெனி உத்தரவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து வானியலாளர் லகாய் அங்கே சென்றபோது, பிரெஞ்சு பேசக்கூடியவர்களாக எஞ்சியிருந்தவர்கள் வயதானவர்கள் மட்டுமே. பியேர் பீட்டர் ஆனார், ழாக் யாக்கோப் ஆனார். குடும்பப்பெயர்களும் டச்சுக் காதுக்கேற்ப உருமாறின: வில்லியோன் ஃபில்யூன் ஆயிற்று, லெக்லேர் டி கிளெர்க் ஆயிற்று, குரோனியே குரோன்யே ஆயிற்று. டி வில்லியர்ஸ் என்பதன் எழுத்து ஏறக்குறைய மாறாமல் தப்பியது. இவர்களைப் போல மொழியிழந்த ஹியூகனாட் குடும்பம் ஒன்றின் வாரிசான எஸ்.ஜே. டு டுவா, 1875இல் பார்ல் நகரில், டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிகான்ஸ் மொழிக்கான முதல் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர்.

அதே பார்ல் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்டோஃபல் கூட்சே டி வில்லியர்ஸ், 19ஆம் நூற்றாண்டில் திருச்சபைப் பதிவேடுகளைப் புரட்டிப் பழைய கேப் (நன்னம்பிக்கை முனை) குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொகுத்தார். 1887இல் அவர் மறைந்தபின், 1893-94இல் அது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவர் பெயரால் வழங்கும் எண்முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. முதல் மூதாதை ‘அ’ என்றால், அவருடைய பிள்ளைகள் ‘ஆ’ வரிசை, பேரப்பிள்ளைகள் ‘இ’ வரிசை. ‘ஆ2 இ3’ என்று எழுதினால், மூதாதையின் இரண்டாவது பிள்ளைக்குப் பிறந்த மூன்றாவது பிள்ளை என்று பொருள். (அவர்கள் ரோமன் எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள்.) முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர் என்ற வழக்கம் அங்கும் உண்டு என்பதால், ஒரே காலத்தில் ஏராளமான ஆபிரகாம்களும் பீட்டர்களும் வாழ்ந்தார்கள், அவர்களைக் குழப்பமின்றிப் பிரித்தறிய இந்த முறை இன்றியமையாததாயிற்று. ஏ.பி.யின் முழுப்பெயரும் ஆபிரகாம் பெஞ்சமின் என்பதே.

ஆனால் இத்தனை துல்லியம் ஒரு சாராருக்கு மட்டுமே வாய்த்தது. ஃபிரான்ஷுக்கிலும் பார்லிலும் திராட்சைத் தோட்டங்களை வளர்த்தது பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பு. மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்கம், மலபார், இலங்கை ஆகியவற்றோடு சோழமண்டலக் கரையிலிருந்தும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அக்கரையில் கம்பெனியின் தலைமையிடம் முதலில் பழவேற்காட்டிலும் 1690 முதல் நாகப்பட்டினத்திலும் இருந்தது. கேப் பதிவேடுகளில் இவர்களுடைய பெற்றோர் சூட்டிய பெயர்கள் பெரும்பாலும் இல்லை. விவிலியப் பெயரோ கிரேக்கப் பெயரோ மாதப் பெயரோ ஒன்றை முதலாளி சூட்டுவார். அதன் பின்னால் ‘வான் கொரமாண்டல்’ (சோழமண்டலத்தைச் சேர்ந்தவர்) என்று எழுதப்படும். ‘வான்’ என்பதும் ‘டி’ என்பதும் ஒரே வேலையைச் செய்யும் சொற்கள்தாம், இரண்டும் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்கின்றன. ஒன்று நிலப்பத்திரத்தில் ஏறித் தலைமுறைகளுக்கு வழங்கப்பட்டது. மற்றொன்று விற்பனைப் பத்திரத்தில் எழுதப்பட்டு, பெரும்பாலும் அந்த மனிதரோடு முடிந்துபோனது. அப்படிக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் உண்மையான பெயர்கள் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டு, அதன்பின்னும் முதலாளியிடமே உழைக்க வேண்டியிருந்த கட்டாயப் பயிற்சிக்காலமும் 1838இல் முடிந்தபின், விடுதலை பெற்றவர்களுக்கும் குடும்பப்பெயர் தேவைப்பட்டது. சிலருக்கு மாதப் பெயரே நிலைத்தது. செப்டம்பர், ஃபெப்ரவாரி போன்ற குடும்பப்பெயர்கள் கேப் பகுதியில் இன்றும் உள்ளன. வேறு சிலருக்கு ஞானஸ்நானம், பண்ணையுறவு, மணம், மணமில்லாப் பிறப்பு என்று பல வழிகளில் வெள்ளைக் குடும்பங்களின் பெயர் வந்து சேர்ந்தது. ஆகவே டி வில்லியர்ஸ் என்பது இப்போது ஒரு நிறத்தவரின் பெயர் அன்று. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் தலைமை நீதிபதியான ஹென்றி டி வில்லியர்ஸ் ஹியூகனாட் வழிவந்த வெள்ளையர். 2008இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்கு வெள்ளையரல்லாத முதல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பீட்டர் டி வில்லியர்ஸும் பார்லில் பிறந்தவர்தான்.