விழித்திரை மருத்துவரிடம் போய்ச் சேர எங்களுக்கு நான்கு மாதம் ஆனது

அப்பாவின் கண்ணில், உள்ளே இருக்கும் விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை முதல் நாளே யாராவது விட்டுப் பார்த்திருந்தால், இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள அவருக்குக் கடந்த ஐப்பசியில் இடது கண்ணில் கதவு நிலையின் கோடு நடுவில் வளைந்து தெரியத் தொடங்கியது. வழக்கமாகப் போகும் கண் மருத்துவரிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்து, புரை ஆரம்பித்திருக்கிறது, முற்றட்டும் என்று சொல்லி, கண்ணாடியின் பவரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். புதுக் கண்ணாடி போட்டும் கோடு நேராகவில்லை என்று மறுபடி போய்ச் சொன்னபோது, பழகப் பழகச் சரியாகும் என்ற பதில்தான் கிடைத்தது.

தை மாதம் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர்தான், "ரெட்டினா பார்த்தாச்சா?" என்று கேட்டார். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்தவுடனேயே ஒரு முறையும், அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் ஒருவர் எங்களுக்குச் சொன்னார்.

பக்கத்து நகரத்து மருத்துவமனை ஒன்றின் பெயர்ப்பலகையில் 'விழித்திரை சிகிச்சை' என்று இருந்ததால் தொலைபேசியில் விசாரித்தேன். எந்த நாள் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை அப்பாவை அழைத்துப் போய், பணம் கட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் தெரிந்தது: விழித்திரை மருத்துவர் வெளியூரிலிருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் வருகிறவர். தொலைபேசியில் கேட்கும்போது, 'ரெட்டினா டாக்டர் இருப்பாரா' என்று கேட்டால் போதாது. கண் மருத்துவப் பட்டத்துக்கு மேல் விழித்திரைக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற மருத்துவர் எந்தக் கிழமையில், எத்தனை மணி முதல் உட்காருகிறார், விழித்திரையின் தடிப்பை அளக்கும் ஓசிடி ஸ்கேனும் லேசரும் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் கோயம்புத்தூருக்குப் போனோம். பரிசோதனைகள் ஒரே நாளில் முடிந்தன. இடது விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து, 300 மைக்ரானுக்குள் இருக்க வேண்டிய தடிப்பு 462 ஆகியிருந்தது. வலது கண்ணில் இரத்தக் கசிவுப் புள்ளிகள். விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் பார்க்கக் கையில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தால் அன்றிரவு சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சிறுநீரகமே கெட்டுவிட்டதாக நினைத்து, விடுதி அறையில் அப்பா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். நீங்கள் யாரையாவது அழைத்துப் போனால் இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் அந்த நீரை வற்றவைக்கக் கண்ணுக்குள் ஊசி போடுவதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு அப்பாவின் ஃபைலை வாங்கிப் பார்த்த எழுத்தர், 2021-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று கேட்டார். அது ஊரில் பீரோவில் இருந்தது. அந்த ஊசி மருந்து சிறிதளவு இரத்தத்திலும் கலக்கும் என்பதால், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு யோசித்துத்தான் போடுவார்கள். ஆகவே கேட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முந்தைய நாள் ஸ்டென்ட் பற்றி நாங்களே இரண்டு இடத்தில் சொல்லியிருந்தும், அந்தக் காகிதம் வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கை அதைப் படம் எடுத்து அனுப்பினாள். செல்போனில் காட்டுவது செல்லாது என்றார். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை ஒன்பதரைக்குத் திறக்கும்வரை காத்திருந்து அச்செடுத்துக் கொண்டுபோனால், இதய மருத்துவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தால் இதய மருத்துவரை அப்போதே தொலைபேசியில் பிடித்திருப்பேன். எட்டு நாள் தள்ளிப்போனது. நீர் கோத்த கண்ணோடு அப்பா திரும்பவும் பேருந்தில் ஏறியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காப்பீட்டு மேசையிலும் ஒரு தடை வந்தது. 24 மணி நேரம் படுக்கையில் இல்லாததால் ஊசிக்குப் பணம் கிடைக்காது என்றார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்கள் விலக்கக் கூடாது என்று வகுத்த நவீன சிகிச்சைகளின் பட்டியலில் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. எங்கள் பாலிசியிலேயே அந்தப் பக்கம் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, உச்சவரம்புக்கு உட்பட்டுத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் பாலிசியில் அந்த உச்சவரம்பு எவ்வளவு என்பதை ஊசிக்கு முன்பே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஓர் ஊசியோடு இது முடிவதில்லை. மருந்துகளுக்குள்ளும் விலை வேறுபாடு பெரிது. முதலில் குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் மற்றவற்றைவிட மிகக் குறைந்த விலையில் கிடைப்பதால், அது அப்பாவின் கண்ணுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கி, அதையே தொடங்கினார்.

ஊசி சில நிமிட வேலைதான், மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதால் வலி குறைவு. மாதம் ஒன்றாக மூன்று போட்டபின் தடிப்பு 318-க்கு இறங்கியிருக்கிறது. வலது கண்ணை மூடிக்கொண்டு, மாதக் காலண்டரின் கட்டங்கள் நேராக இருக்கின்றனவா என்று அப்பா தினமும் காலையில் பார்க்கிறார். ஓர் ஓரத்தில் மட்டும் இன்னும் லேசாக நெளிகிறதாம். வலது கண்ணுக்கு லேசர் வரும் வியாழக்கிழமை. டிஸ்சார்ஜ் சம்மரி, இதய மருத்துவரின் கடிதம், கடைசி மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் முடிவு, ஓசிடி படங்கள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.