அந்த மெமரி யாருடையது?

மே பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் பெங்களூரா மாங்காய் லோடு வரிசை கட்டிவிடும். அப்படி ஓர் ஆலையின் எடைமேடைக்கு சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். விவசாயியின் எண்ணைத் தட்டினால் பெயர், ஊர், ரேட் வரும், அவ்வளவுதான். இதற்குப் போய் எஸ்கியூஎல் மாதிரி பெரிய டேட்டாபேஸ் எதற்கு என்று, ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு கூடவே வரும் என்டிபிஎம் என்ற சின்ன டேட்டாபேஸ் லைப்ரரியைப் போட்டேன். 1979இல் யூனிக்ஸோடு வந்த டிபிஎம்மின் வாரிசு அது. பல சீசன் தொல்லையே கொடுக்கவில்லை.

இரண்டாவது எடைமேடை வந்தபோது, மூலையில் கிடந்த 512 எம்பி மெஷினில் டெபியன் லினக்ஸ் ஏற்றினேன். அங்கே ஜிடிபிஎம், அதே வேலையைச் செய்யும் இன்னொரு லைப்ரரி. ஃபைலைத் திறக்கும் வரியைத் திருத்தி, தகவலை எடுத்துத் தரும் டிபிஎம்_ஃபெட்ச் இருந்த இடத்தில் ஜிடிபிஎம்_ஃபெட்ச் என்று மாற்றினேன். கம்பைலர் முணுமுணுக்கக்கூட இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி போன். “அண்ணா, கம்ப்யூட்டர் அப்படியே நின்னுடுச்சு. வண்டிங்க ரோடு வரைக்கும் நிக்குது.” அணைத்துப் போட்டால் ஓடும். மறுபடி மூன்றாம் நாள் படுத்துவிடும்.

மாங்காய் வாசனையில் தலைவலியோடு உட்கார்ந்து மேனுவலைப் படித்தேன். என்டிபிஎம் தருவது தன் சொந்த மெமரியின் முகவரி. பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும், அடுத்த அழைப்பில் மாறிவிடும். ஜிடிபிஎம்மோ ஒவ்வொரு முறையும் மால்லாக் செய்து, அதாவது புதிதாக மெமரி ஒதுக்கி, தருகிறது. அதை ஃப்ரீ செய்வது, அதாவது திருப்பி விடுவிப்பது, நம் வேலை. எடை காட்டும் திரைக்காக நொடிக்கு 10 முறை ரேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன் (சோம்பேறித்தனம்தான்). நாளைக்கு 8,64,000 முறை, ஒவ்வொன்றிலும் 200 பைட். மூன்று நாளில் மெஷின் முழுவதும் மாங்காய் ரேட்!

சரி என்று எல்லா இடத்திலும் ஃப்ரீ போட்டு, அதே புரோகிராமை, அழைப்புப் பெயர்களை மட்டும் என்டிபிஎம்முக்கு மாற்றி, பழைய மெஷினிலும் கம்பைல் செய்தேன். முதல் வண்டிக்கே புரோகிராம் செத்தது. நம்முடையது அல்லாததை ஃப்ரீ செய்தால் வேறென்ன நடக்கும்?

அப்புறம்தான் டேட்டாபேஸ் அழைப்புகளை எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடைத்தேன். உள்ளே எந்த லைப்ரரி இருந்தாலும், அழைக்கும் புரோகிராம் தன் மெமரியில் ஒதுக்கிக் கொடுக்கும் இடத்தில் (பஃபர்) நகல் எடுத்துத் தரும். ஜிடிபிஎம் என்றால் மட்டும் அங்கேயே ஃப்ரீ. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

சீசன் முடிந்து பேக்கப் பென்டிரைவைத் திறந்தேன். ஃப்ரீபிஎஸ்டியில் என்டிபிஎம் ஃபைல் பெயருக்குப் பின்னால் தானாக .டிபி ஒட்டும், ஜிடிபிஎம் கொடுத்த பெயரை அப்படியே வைக்கும். என் பேக்கப் ஸ்கிரிப்ட் .டிபி என்று முடிவதை மட்டும்தான் தேடும். இரண்டாவது எடைமேடையின் ஃபோல்டர் காலி.