டெம்பரேச்சர் முள் ஆடுகிறதா?

காரில் டெம்பரேச்சர் முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் பலரும் எடுத்த எடுப்பில் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து மூடி, ரேடியேட்டருக்குப் போகும் நீரைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் சூடு உண்மையிலேயே மாறுகிறதா, இல்லை முள் மட்டும் ஆடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) செருகினால் தெரிந்துவிடும். அதில் 90 டிகிரி பக்கம் எண் அசையாமல் நிற்க, முள் மட்டும் குதித்தால் கோளாறு பெரும்பாலும் மீட்டரிலோ வயரிங்கிலோதான். கனெக்டரில் களிம்பு பிடித்திருக்கிறதா, எர்த் வயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்கேனரில் எண்ணும் சேர்ந்து ஆடினால் எஞ்சின் நன்றாக ஆறியபின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். (சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் மேலே பீய்ச்சி அடிக்கும்.) கூலன்ட் குறைந்தாலோ உள்ளே காற்று சிக்கினாலோ, சென்சார் மீது ஒரு நேரம் நீர் படும், ஒரு நேரம் ஆவி. அப்புறம் முள் எப்படி நிலையாக நிற்கும்? முள் ஏறும் நேரத்தில் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான்.

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் கோளாறு ரேடியேட்டர் ஃபேனில், அல்லது அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேயில். வேகமாக ஓடும்போது மட்டும் சூடு வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். மூடாமல் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கும்.

கசிவை அடைத்து, கூலன்ட் நிரப்பி, காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகும் கூலன்டில் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.